மூணு கோடையா மண்ண முழுங்குற பெட்டி: எங்க வீட்டு மேட்டுப்பாத்தி அனுபவம்

போன வாரம் கூடப் படிச்ச தோழி ஒருத்தி போன் பண்ணி, "ஏய், நீ மூணு வருஷமா ரெய்ஸ்டு பெட்ல தோட்டம் போடுறியே, எப்படி இருக்கு, நாங்களும் இந்த கோடைக்கு ஒண்ணு போடலாம்னு பாக்குறோம்"னு கேட்டா. ரெய்ஸ்டு பெட்னா தரை மேல பலகையில பெட்டி அடிச்சு, மண்ண நிரப்பி நடுற மேட்டுப்பாத்தி. அடுப்புல ஏதோ வச்சிருந்த அவசரத்துல "சூப்பரா இருக்குடி, கண்ண மூடிட்டு போடு"ன்னு சொல்லி வச்சுட்டேன். சரியா நாலாவது நாள் காலையில போய் பாத்தா எட்டடி பலகை நடுவுல தொப்பை தள்ளி, ஒரு மூலையில ஸ்க்ரூ எல்லாம் பிச்சுக்கிட்டு வந்து, மண்ணும் ரெண்டு கத்தரிச் செடியும் வெளிய கிடக்கு. நான் சொன்ன "கண்ண மூடிட்டு" என்னையே பாத்து சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அதான் இத எழுதுறேன், இப்ப கொஞ்சம் கடுப்புல இருக்கேன்னு தெரிஞ்சே படிங்க.

எங்களது எட்டடிக்கு நாலடி, ஒரு அடி உயரம், மரப்பலகை. நாலடிக்கு மேல அகலம் வேணாம்னு எல்லாரும் சொல்றது சரிதான், ரெண்டு பக்கமும் நின்னா கை நடு வரைக்கும் எட்டும், மண்ண மிதிக்க வேண்டியதில்ல. எந்த மரம், எந்தப் பக்கம் வெயில் இதுக்கெல்லாம் ஆயிரம் வீடியோ இருக்கு, நான் போகல. ஒண்ணே ஒண்ணு, ஓசியில கிடைக்குதேன்னு பழைய ரயில்வே கட்டையோ எந்தக் காலத்துதுன்னு தெரியாத மருந்தடிச்ச பலகையோ எடுத்துடாதீங்க. அந்தக் கட்டையில கிரியோசோட் (மரம் மக்காம இருக்க ஏத்துற தார் எண்ணெய்) ஊறியிருக்கும், பழைய பலகையில ஆர்சனிக் கலந்த மருந்து இருக்கலாம். அமெரிக்காவுல 2003 கடைசியோட வீட்டு உபயோகத்துக்கு அந்த மருந்தையே பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. பிள்ளைங்க செடியில இருந்து பறிச்சு அப்படியே வாயில போடுற இடம் அது.

சரி, விஷயத்துக்கு வரேன். மண்ணு.

இத ஏன் யாரும் முன்னாடியே சொல்றதில்லன்னு தெரியல. பெட்டிய அடிச்சு, களை வராம அடியில காகித அட்டைய விரிச்சு, மண்ண கொட்டினா முடிஞ்சுது, வருஷா வருஷம் நாத்து நட வேண்டியதுதான்னு நினைச்சேன். 8க்கு 4க்கு 1னா 32 கன அடி, லிட்டர்ல சொன்னா 900 சொச்சம். 50 லிட்டர் மூட்டை 18 வாங்கினோம். எங்க வீட்டுக்காரர் கணக்குல புலி, "சரியா விளிம்பு வரைக்கும் வரும்"னு சொன்னார். மூட்டையில உதிரியா உப்பியிருக்குறத அளந்து போட்ட லிட்டர் அது, தண்ணி விட்டதும் புஸ்ஸுன்னு உக்காந்துடும்னு அன்னிக்கு புலிக்கும் தெரியல எனக்கும் தெரியல. மறுநாளே ரெண்டு விரக்கடை இறங்கிடுச்சு. சரி, படியுதுன்னு விட்டோம். முதல் கோடை முடிஞ்சு ஸ்கேல வச்சு பாத்தா பன்னெண்டு அங்குலத்துல ஒம்போதுதான் மிச்சம். மூணு அங்குலம்தானேன்னு தோணும், ஆனா அந்த அகல நீளத்துக்கு அது எட்டு கன அடி, 220 லிட்டருக்கு மேல, அஞ்சு மூட்டை! யாரும் ராத்திரியில வந்து அள்ளிட்டுப் போகல, எலி தின்னல, எங்க போச்சு?

காத்துல போச்சு. நிஜமாவே. நான் "உரம்னா நல்லதுதானே, நிறைய போடுவோம்"னு பாதிக்குப் பாதி கம்போஸ்ட், மீதியில பெரும்பகுதி கோகோபீட் (தேங்காநார்த் தூள்), பேருக்கு கொஞ்சம் தோட்டத்து மண்ணுன்னு கலந்திருந்தேன். கம்போஸ்ட்டுங்குறது இன்னும் மக்கி முடிக்காத பொருள், அத நுண்ணுயிருங்க தின்னுக்கிட்டே இருக்கும், அதுல இருக்குற கார்பன் கரியமில வாயுவா போயிக்கிட்டே இருக்கும், வெயில் கூடக் கூட வேகமா போகும். களிமண்ணு, மணலு, வண்டல் இதெல்லாம் அப்படி ஆவியாகாது. ஆக நான் பெட்டியில போட்டது மண்ணே இல்ல, மெதுவா கரையுற ஒரு பெரிய தீனி. அது தெரியாம ரெண்டாவது வருஷமும் கம்போஸ்ட்டையே வாங்கி மேல கொட்டினேன், அதுவும் இறங்குச்சு, மூணாவது வருஷமும் கொட்டினேன். ஒரே கம்போஸ்ட்டா கொட்டிக்கிட்டே இருந்தா பாஸ்பரஸ் தேவைக்கு மேல சேர்ந்துடும்னு அப்புறமாதான் படிச்சேன். படிச்ச அன்னிக்கு யார் மேல கோவப்படுறதுன்னு தெரியாம வீட்டுக்காரர் மேல பட்டேன்.

சிலர் செலவ மிச்சம் பண்ண அடியில மரக்கட்டை, கிளை எல்லாம் போட்டு நிரப்ப சொல்றாங்க. போடுங்க, தப்பில்ல, ஆனா அது மக்க மக்க இன்னும் இறங்கும், பச்சையா பொடிச்ச மரத்தூள மண்ணோட கலந்துட்டீங்கன்னா நுண்ணுயிரு அத செரிக்க நைட்ரஜன எடுத்துக்கும், செடி மஞ்சளா நின்னு உங்கள பாக்கும்.

இதெல்லாம் இருந்தும் தோழிகிட்ட ஏன் சூப்பர்னு சொன்னேன்னா, ஓரப்பலகை. பெட்டிக்கு மேல ஆறு அங்குல அகலத்துல சுத்தி ஒரு பலகைய படுக்க வச்சு அடிச்சோம், பாக்க அழகா இருக்கும்னுதான், வேற எந்த யோசனையும் இல்ல. முதல் சாயங்காலமே எங்க மாமியார் வந்து அதுல உக்காந்துட்டாங்க. அத்தைக்கு முழங்கால் வலி, கீழ உக்கார முடியாது, ரொம்ப நேரம் நிக்கவும் முடியாது. அந்த உயரம் அவங்களுக்கு ஓரளவுக்கு ஒத்துப்போச்சு. உக்காந்த இடத்துல இருந்தே பக்கத்துல முளைச்ச களைய பிடுங்குறாங்க, வெண்டைக்காய முறிச்சு பாக்குறாங்க, பீன்ஸ் கொடிய குச்சியில சுத்தி விடுறாங்க. அப்புறம் பெரியவ வந்து உக்காந்தா, சின்னவன் வந்தான், போன பாத்துக்கிட்டே வீட்டுக்காரரும் வந்தார். ஹால்ல சோபா இருக்கு, அதுல நாங்க அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து எனக்கு ஞாபகமே இல்ல. சாப்பாட்டுல பச்சையா எத கண்டாலும் தட்டு ஓரத்துல ஒதுக்குற சின்னவன், பாட்டி மடியில சாஞ்சுக்கிட்டு பீன்ஸ் பிஞ்ச பச்சையாவே கடிச்சான் (ரெண்டு மூணுதான், அதுக்கு மேல பச்சை பீன்ஸ் வயித்துக்கு ஆகாதுன்னு பிடுங்கிட்டேன்). செர்ரி தக்காளி சமையல்கட்டு வரைக்கும் வந்ததே கிடையாது, எவ்வளவு காய்ச்சுதுன்னு கேட்டா எனக்கு கணக்கு தெரியாது, பிள்ளைங்க வயித்துக்குதான் தெரியும்.

இப்ப மண்ணு கதையும் இதுவும் எங்க சேருதுன்னா, முதல் வருஷம் அத்தை உக்காந்தபடியே உள்ளங்கைய மண்ணு மேல வச்சாங்க. ரெண்டாவது வருஷம் மண்ணு இறங்கினதால தோள சாய்க்க வேண்டி வந்துச்சு. மூணாவது வருஷம் "ஏம்மா, கிணத்துக்குள்ள நட்டிருக்கியா"ன்னு கேட்டாங்க. குனிய வேணாம்னுதானே இந்தப் பெட்டியே! இன்னொரு உண்மையும் சொல்லிடுறேன், ஒரு அடி உயரத்துக்கு நின்னுக்கிட்டு வேலை செஞ்சா தரையில குனியுற மாதிரியேதான் குனியணும், உக்கார ஓரம் இருந்தாதான் அந்த உயரத்துக்கு அர்த்தம். நின்னபடி செய்யணும்னா இடுப்பு உயரத்துக்கு வேணும், அதுக்கு எத்தனை மூட்டைன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க, எனக்கு நெஞ்சு அடைக்குது.

தண்ணி விஷயம். மேட்டுப்பாத்தியில தண்ணி தேங்காதுன்னு பெருமையா சொல்றாங்கல்ல, அதோட மறுபக்கம் சீக்கிரம் காயும், அதுவும் ஓரத்து செடி முதல்ல வாடும். வாரத்துக்கு ஒரு அங்குலம் தண்ணின்னு பொதுவா சொல்ற கணக்குக்கே எங்க பெட்டிக்கு 75 லிட்டர் வருது, கொளுத்துற வாரத்துல அது பத்தவே பத்தாது. சொட்டுநீர் பைப்பும் டைமரும் போட்டோம், நல்லாதான் இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் நாலு நாள் வெளியூர் போனப்ப டைமர் பேட்டரி செத்துப்போச்சு. வந்ததும் பாவம்னு நான் பதறி தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்த, பழுக்குற நேரத்துல இருந்த தக்காளி எல்லாம் படக்குன்னு வெடிச்சுது. அதுக்கடுத்து வந்த காய்ங்க அடிப்பக்கம் கறுத்து அமுங்குச்சு. கால்சியம் பத்தலன்னு முட்டை ஓடு போட சொன்னாங்க, போட்டேன், ஒண்ணும் ஆகல, ஏன்னா பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், தண்ணி ஏறுக்கு மாறா கிடைக்குறதால அது காய் வரைக்கும் போய் சேராது. மண்ணு மேல வைக்கோல், சருகுன்னு மூடாக்கு மூணு அங்குலம் போட்டு தண்ணிய ஒரே சீரா விட்டதும் நின்னுடுச்சு. அப்புறம் பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் புழுக்கம் குறையாத நாட்கள்ல தக்காளி பூ பிஞ்சு பிடிக்காம உதிரும், அதுக்கு மருந்து தேடி அலையாதீங்க, மகரந்தம் வேலை செய்யாது அவ்வளவுதான், நிழல்வலை கட்டிட்டு சூடு இறங்குற வரைக்கும் பொறுத்திருக்கணும். வெண்டை மட்டும் எந்த வெயிலுக்கும் அசையல, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலன்னா நார் கட்டிடும், அது ஒண்ணுதான் அதோட தொல்லை. பூனை தொல்லை பத்தி தனியா எழுதலாம், பொலபொலன்னு மண்ணு கிடைச்சா அது வேற எங்கயும் போகாது.

ரிப்பேருக்கு வருவோம். ஈரத்தோட அந்தப் பெட்டி மண்ணு கிட்டத்தட்ட ஒரு டன் இருக்கும், எட்டடி பலகைக்கு நடுவுல குறுக்கு சட்டம் ஒண்ணு வச்சு ரெண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டணும். அன்னிக்கே நான் சொன்னேன். "தேவையில்ல, பலகை கெட்டியா இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. அதோட மேல அஞ்சு பேர் மூணு வருஷமா உக்காந்து எந்திரிச்சா ஸ்க்ரூ எத்தனை நாளைக்குத்தான் தாங்கும், ஆக பெட்டியில இருந்த ஒரே நல்ல விஷயம்தான் பெட்டிய உடைச்சிருக்கு. இத சொன்னா வீட்டுக்காரர் ரொம்ப சந்தோஷமா தலையாட்டுறார், குத்தம் ஓரப்பலகைய சோபாவாக்குன எங்க எல்லார் கணக்குலயும் போயிடுச்சாம்.

மண்ண பூரா வெளிய அள்ளினப்பதான் கிளைமாக்ஸ். அடியில விரிச்ச அட்டை மக்கி மறைஞ்சே போச்சு, அது எதிர்பார்த்ததுதான், கோரை முதல் வருஷமே அத ஊசி மாதிரி குத்திக்கிட்டு மேல வந்துடுச்சு. ஆனா அதுக்கும் கீழ பாத்தா தேங்காநார் பிரஷ் மாதிரி ஒரே வேர், நடுவுல விரல் தண்டிக்கு நாலஞ்சு. என் செடியோடது இல்ல! வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குற மரத்தோடது. பத்தடி தள்ளித்தானே இருக்குன்னு நினைச்சோம். மூணு வருஷமா நான் சுமந்த உரம், சொட்டு சொட்டா விட்ட தண்ணி, எல்லாத்துலயும் அது பங்கு வாங்கியிருக்கு. ரெண்டு பேரும் மண்வெட்டிய பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து அந்த மரத்த பாத்தோம், சும்மா சொல்லக்கூடாது, இந்த வருஷம் என்ன தழைப்பு தழைச்சிருக்கு தெரியுமா.

வேர வெட்டிட்டு, நெருக்கமா நெய்த ஷீட் விரிச்சோம், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான், வேர் வழி கண்டுபிடிச்சுடும். பெட்டியையே மரத்த விட்டு தள்ளி வைக்குறதுதான் சரி, அது இனிமே ஆகுற காரியமில்ல. இந்த தடவை பாதிக்கு மேல தோட்டத்து மண்ணு, கம்போஸ்ட் கால் பங்கு கூட இல்ல, நடுவுல குறுக்கு சட்டம் ஒண்ணுக்கு ரெண்டு.

ஆக என்கிட்ட கேட்டா, தரையில சுமாரா மண்ணு இருந்தா பெட்டி போடாதீங்க. நாலு கூடை உரம் போட்டு கொத்தி விட்டு தரையிலயே நடுங்க, தண்ணியும் கம்மியா ஆகும், மண்ணும் எங்கயும் ஓடாது. கீழ சிமெண்ட், இல்ல கட்டட இடிபாடு, இல்ல தண்ணி தேங்குற இடம்னா மட்டும் பெட்டி பத்தி யோசிங்க. மார்க் கேட்டா பத்துக்கு நாலு, நாளைக்கு கேட்டா கூட்டிப் போடுவேனோ என்னவோ.

தோழிக்கு நேத்து போன் பண்ணி இதெல்லாம் சொல்லலாம்னா அவ ஏற்கனவே பலகை அறுத்து வாங்கிட்டாளாம். "குறுக்கு சட்டம் வை, பக்கத்துல மரம் இருக்கான்னு பாரு, மேல ஓரப்பலகைய மட்டும் விட்டுடாத"ன்னு சொன்னேன். எங்களுக்கு புது ஓரப்பலகை இன்னும் வரல, இந்த தடவை ஆறு அங்குலத்துக்கு பதிலா எட்டா சொல்லியிருக்கோம். அது வரைக்கும் அத்தை பக்கெட்ட கவுத்துப் போட்டு பாதி நிரம்பின பெட்டி பக்கத்துல உக்காந்திருக்காங்க, காலையில இருந்து மூணு தடவை கேட்டாச்சு, "பலகை எப்ப வருதாம்?"