குவின்சியின் ஆடம்ஸ் இல்லம்: கல் நூலகத்துக்காகவே போகலாம்

பாஸ்டனிலிருந்து ரெட் லைன் ரயிலில் குவின்சி சென்டர் நிலையத்துக்குச் சென்றால், அமெரிக்காவின் 2ஆவது அதிபர் ஜான் ஆடம்ஸும் அவருடைய மகனும் 6ஆவது அதிபருமான ஜான் குவின்சி ஆடம்ஸும் வாழ்ந்த வீடுகளைத் தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டிகளோடு சுற்றிப் பார்க்கலாம். தந்தையை அறியச் சென்ற என்னை ஆட்கொண்டவர் மகன்தான்.

இருவரும் பிறந்த எளிய மரவீடுகள் அருகருகே நிற்கின்றன. மகன் பிறந்த வீட்டில்தான் தந்தையின் வழக்கறிஞர் அலுவலகம் இருந்தது; 1779இல் மாசசூசெட்ஸ் அரசமைப்புச் சட்டத்துக்கான வரைவை அவர் எழுதியதும் அங்கேதான். பிற்காலத்தில் குடும்பம் குடியேறிய பீஸ்ஃபீல்டு மாளிகை, அறைகலன்கள் முதல் ஓவியங்கள் வரை குடும்பத்தாரின் சொந்தப் பொருள்களாலேயே நிறைந்திருக்கிறது.

ஆனால் இந்தச் சுற்றுலாவின் உயிர், தோட்டத்து ஓரத்தில் தனியே நிற்கும் கல் நூலகத்தில் இருக்கிறது. தம் நூல்களைத் தீப்பிடிக்காத கட்டடத்தில் காக்க வேண்டும் என்ற ஜான் குவின்சியின் விருப்பத்தை அவருடைய மகன் சார்லஸ் பிரான்சிஸ் 1870களில் நிறைவேற்றினார். அந்த நூல்களுக்கு உரியவரின் வாழ்க்கை தெரிந்தால்தான் இந்த இடத்தின் அருமை புரியும். நால்வர் போட்டியிட்ட 1824 அதிபர் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளும் (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்போரின் வாக்குகள்) ஜான் குவின்சி 84 வாக்குகளும் பெற, எவருக்கும் பெரும்பான்மை கிட்டாததால் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவை ஜான் குவின்சியைத் தேர்ந்தெடுத்தது. அவரை ஆதரித்த அவைத் தலைவர் ஹென்றி கிளே பின்னர் வெளியுறவுச் செயலரானதால், ஆதரவுக்குப் பதவி என்று பேரம் நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டு, சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் வானாய்வகத்துக்கும் ஜான் குவின்சி வகுத்த திட்டங்களையெல்லாம் நிழலாகத் தொடர்ந்தது. 1828 தேர்தலில் அவர் ஜாக்சனிடம் தோற்றார். அதோடு ஒதுங்கியிருந்தால் அவரைத் தோற்றுப்போன அதிபர் என்று மட்டுமே நினைத்திருப்போம். அவரோ 1830இல் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வாகி, அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவிடாமல் தடுத்த விதியை 1836 முதல் ஆண்டுதோறும் எதிர்த்து, 1844இல் அதை நீக்கச் செய்தார். 1841இல், 73 வயதில், அடிமைகளாகக் கடத்தப்பட்டு அமிஸ்டாட் என்ற கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களின் விடுதலைக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். விடுதலை பெற்றவர்கள் நன்றியோடு அவருக்கு அளித்த விவிலியம் இந்த நூலகத்துக்குரியது. அதிபர் பதவியின் எந்த நினைவுப்பொருளையும்விட அந்த ஒரு நூல் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

குளிர்காலத்தில் வீடுகளைச் சுற்றிப் பார்க்க இயலாது என்பதால், நாள்களை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நல்லது. அமிஸ்டாட் வழக்கைப் பற்றிச் சிறிது படித்துவிட்டுச் சென்றால் நூலகத்தில் நிற்கும் நேரம் பயனுள்ளதாகும். தந்தையும் மகனும் தத்தம் மனைவியரோடு அடக்கம் செய்யப்பட்ட தேவாலயம் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. அதைக் கடைசியாகப் பாருங்கள்.