கோட்டு தெரியாத டாக்டர்: எட்டு வருட ஆடியோ நாடக, காமிக்ஸ் அனுபவம்

எட்டு வருடமாக 'டாக்டர் ஹூ' ஆடியோ நாடகங்களைக் கேட்டுவருகிறேன். நடுவில் அதன் காமிக்ஸும் தொற்றிக்கொண்டது. எல்லாவற்றையும் முடித்தவன் என்று சொல்லமாட்டேன், அதற்கு இன்னொரு பிறவி வேண்டும். நாடகங்களில் எழுபது எண்பது இருக்கும், காமிக்ஸ் தொகுப்புகள் ஒரு தட்டு நிறைய. இந்த அனுபவம் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் என்னை நம்புங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிபிசியின் இந்த அறிவியல் புனைவு டிவி தொடர் 1963 முதல் 1989 வரை ஓடி நின்றுபோனது. நாயகன் டாக்டர் என்ற காலப்பயணி. சாகும் தருவாயில் உருவம் மாறிவிடுவார், அதனால் நடிகர் மாறும்போதெல்லாம் முதல் டாக்டர், இரண்டாவது டாக்டர் என்று எண்ணுவார்கள். 1996-ல் பால் மெக்கானை டாக்டராக வைத்து ஒரே ஒரு டிவி படம் எடுத்தார்கள், அதுவும் தொடராகவில்லை. மறுபடி தொடராக வந்தது 2005-ல். இடைப்பட்ட வறட்சிக் காலத்தில் பிக் ஃபினிஷ் என்ற சிறிய நிறுவனம் பிபிசியிடம் உரிமம் வாங்கி, பழைய நடிகர்களையே கூட்டிவந்து குறுந்தகட்டில் முழு நீள நாடகங்கள் போட ஆரம்பித்தது. 1999 ஜூலையில் முதல் நாடகம். அந்த மாத வரிசை 2021-ல் 275-ஆவது வெளியீட்டோடு முடிந்தது, இப்போது வேறு வேறு வரிசைகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் செய்த தப்பு, ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. 'தி சைரன்ஸ் ஆஃப் டைம்' மூன்று டாக்டர்களை ஒன்றாகச் சேர்க்கும் கதை. வரலாற்றுக்காக மதிக்கலாம். ஆனால் ஆடியோ நாடகத்துக்கே உரிய வியாதி அதில் அப்பட்டமாக இருந்தது: கண்ணால் பார்ப்பதையெல்லாம் பாத்திரங்கள் வாயால் ஒப்பிப்பார்கள். 'அதோ, கதவு திறக்கிறது! பச்சையாக ஏதோ வெளியே வருகிறதே!' என்ற ரகம். பச்சையாக ஏதாவது வந்தால் மனிதன் ஓடுவான், நிறத்தைச் சொல்லிக்கொண்டு நிற்பானா? அன்றைக்கே விட்டிருப்பேன். ஒரு நண்பர்தான், "வரிசையெல்லாம் பார்க்காதே, இதை மட்டும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேள்" என்று 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்' நாடகத்தைக் கொடுத்தார்.

2002-ல் வந்தது, எழுதியவர் ராபர்ட் ஷியர்மன். நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேய மாளிகை, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, கீழ்த்தளத்தில் வேலைக்காரர்களின் சமையலறை. கடிகாரம் மணி அடிக்கும்போதெல்லாம் வேலைக்காரர்களில் ஒருவர் செத்துப்போகிறார். பாத்திரம் தேய்க்கும் பெண் அந்தத் தொட்டியிலேயே மூழ்கி இறக்கிறாள். சமையல்காரம்மாவின் உயிரைப் பறிப்பது அவர் பெருமையாகச் செய்த பிளம் புட்டிங். காரோட்டி, வீட்டுக்குள்ளேயே காரில் அடிபட்டுச் சாகிறார். மற்றவர்கள் அலட்டிக்கொள்ளாமல் தற்கொலை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். வீட்டுக்குள் கார் எப்படி வந்தது? இதையே டிவியில் காட்டினால் அபத்தமாகப் போயிருக்கும். இருட்டில் காதில் மட்டும் விழும்போது சிரிப்பு வந்து, அது பாதியில் தொண்டையில் நிற்கிறது. அந்தக் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். நாடகம் முடிந்த பிறகு என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்தேன். மிகைப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வடிவத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. டிவியை ஈடுகட்ட முயலும் நாடகங்கள் சுமார். டிவியால் முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் நாடகங்கள் அபாரம். காமிக்ஸுக்கும் இதே கணக்குதான், பிறகு வருகிறேன்.

காலின் பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 முதல் 1986 வரை ஆறாவது டாக்டராக இருந்தவர். கலர் கலராக ஒட்டுப்போட்ட கோட்டு ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டார்கள், கதைகளும் கைகொடுக்கவில்லை, கடைசியில் அவரையே நீக்கினார்கள். ஆடியோவில் அந்தக் கோட்டு கண்ணில் படாது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது! மீதிப் பாதியைத் தீர்த்தவர் எவ்லின் ஸ்மைத். ஐம்பதைத் தாண்டிய வரலாற்றுப் பேராசிரியை, இதய நோயாளி, சாக்லேட் கேக் பிரியை, டாக்டர் கத்தினால் திருப்பிக் கத்துபவர். மேகி ஸ்டேபிள்ஸ் குரல் கொடுத்தார். அந்தக் காலத்து டிவியில் டாக்டருக்குத் துணையாக வருபவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இப்படியொரு அம்மாளை அங்கே விட்டிருக்கவே மாட்டார்கள். இவரிடம் திட்டு வாங்கி வாங்கி, அந்த முரட்டு டாக்டர் கதைக்குக் கதை கனிவதைக் கேட்கலாம். இன்றைக்கு என்னிடம் பிடித்த டாக்டர் யார் என்று கேட்டால் காலின் பேக்கர் என்பேன். டிவியில் மட்டும் பார்த்தவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

'ஸ்பேர் பார்ட்ஸ்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மார்க் பிளாட் எழுதி 2002-ல் வந்தது, ஐந்தாவது டாக்டராக பீட்டர் டேவிசன். மனிதர்கள் எப்படி சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்களாக மாறினார்கள் என்ற கதை. குளிரில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு கிரகத்தில் நிலத்தடி நகரம், அதில் ஒரு சாதாரணக் குடும்பம். மகளை வேலைக்கு என்று அழைத்துக்கொண்டு போகிறார்கள். பாதி மாற்றப்பட்ட நிலையில் அவள் வழி நினைவிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். கதவுக்கு வெளியே இரும்புக் காலடி, உள்ளே அப்பா. அந்த இயந்திரக் குரலுக்குள் தன் பெண் இருக்கிறாள் என்று அவருக்குப் புரியும் நொடி இருக்கிறதே, நான் துணி இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டவன், பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதைப் படமாக எடுத்திருந்தால் அந்த ஒப்பனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

ஷியர்மனின் 'ஜூபிலி' (2003) இன்னொன்று. லண்டன் கோபுரத்தில் ஒற்றை டாலெக் கைதி (உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகள் டாக்டரின் பரம எதிரிகள்), அதனிடம் பேச்சுக் கொடுக்கும் எவ்லின். இந்த யோசனையிலிருந்துதான் 2005-ல் அவரே டிவிக்கு 'டாலெக்' பகுதியை எழுதினார். டிவி வடிவமும் நல்லதுதான், ஆனால் எனக்கு நாடகம் ஒரு படி மேல்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு வந்த 'சாக்ரியஸ்' கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். பழைய நடிகர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் வேறு வேறு பாத்திரங்களில். மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை நடுவில் தூங்கி, கடைசித் தகட்டில் விழித்தேன். எதையும் தவறவிட்ட மாதிரியே தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்து வந்த 'ஷெர்ட்சோ' மொத்த வரிசையிலும் துணிச்சலானது. இரண்டே நடிகர்கள், பால் மெக்கானும் இந்தியா ஃபிஷரும். கண் பயன்படாத ஒரு வெளியில் மாட்டிக்கொண்டு, ஒருவர் குரலை ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கேட்கிற நமக்கும் அவர்களுக்கும் ஒரே நிலைமை.

இன்னொரு மனத்தாங்கல், பிற்காலப் பெட்டித் தொகுப்புகள். பழைய நாடகங்கள் நான்கு பாகம், பாகத்துக்கு இருபத்தைந்து முப்பது நிமிடம், ஒவ்வொன்றும் திடுக்கென்று நிற்கும். ஒரு பாகத்துக்கு ஒரு கூடை துணி என்று கணக்கு வைத்திருந்தேன். தொகுப்புகளில் ஒரு மணி நேரக் கதைகள் நான்கு, அதன் முடிவு அடுத்த தொகுப்பில், அதன் முடிவு அதற்கும் அடுத்ததில். பர்ஸும் தாங்கவில்லை, நினைவும் தாங்கவில்லை.

மறைந்த நடிகர்களுக்குப் பதில் வேறு குரல்கள் வருவதை ஏற்பது முதலில் சிரமமாக இருந்தது. டிவியில் இரண்டாவது டாக்டரின் துணை ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸ், ஜேமியாகவும் பேசி, மறைந்த நண்பர் பேட்ரிக் ட்ராட்டனின் இரண்டாவது டாக்டராகவும் பேசியிருக்கிறார். வெறும் மிமிக்ரி என்று நினைத்துத்தான் கேட்டேன். பத்தாவது நிமிடத்தில் ஆள் ஒருவர்தான் என்பதே மறந்துவிட்டது.

காமிக்ஸுக்கு வருகிறேன். இது நாடகங்களைவிட ரொம்பப் பழையது, 1964-லேயே 'டிவி காமிக்' வாரப் பத்திரிகையில் தொடங்கிவிட்டது. அதில் டாக்டருக்கு ஜான், கிலியன் என்று இரண்டு பேரக்குழந்தைகள். டிவி தொடருக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்கூடச் சரியாக இல்லை. ஆர்வத்துக்கு இரண்டு பக்கம் புரட்டலாம். அதைவிட 1965 முதல் 1967 வரை 'டிவி செஞ்சுரி 21'-ல் வாரம் ஒரு பக்கமாக வந்த டாலெக் கதை பல மடங்கு மேல். டாக்டரே கிடையாது, டாலெக்குகள்தான் நாயகர்கள். டிவி தொடர் கலருக்கு மாறியது 1970-ல். அதற்கு எத்தனையோ முன்பே பெரிய மண்டையுடன் தங்க நிறத்தில் ஒரு டாலெக் பேரரசர் இங்கே ஆட்சி செய்துகொண்டிருக்கிறார்.

எனக்குத் தட்டில் முதலிடம், 1979-ல் தொடங்கிய 'டாக்டர் ஹூ வீக்லி' பத்திரிகையின் ஆரம்பக் கதைகள். பேட் மில்ஸ், ஜான் வாக்னர் கதை, டேவ் கிப்பன்ஸ் ஓவியம். முதல் கதையில் வீழாத ரோமப் பேரரசின் இயந்திரப் படை ஓர் ஆங்கிலேயக் கிராமத்துக்குள் அணிவகுத்து வருகிறது. அன்றைய டிவி பட்ஜெட்டில் அப்படி நான்கு வீரர்களுக்குக் கவசம் தைத்திருந்தாலே பெரிய விஷயம். கிப்பன்ஸுக்கு மை செலவு மட்டும்தான். 1980-ல் வந்த 'தி ஸ்டார் பீஸ்ட்' இன்னும் குறும்பு: பொசுபொசுவென்று பெரிய கண்களோடு அழும் மீப் என்ற பிராணி, பார்த்ததும் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும். உள்ளே ஆசாமி கொலைகாரன். அது மனதுக்குள் திட்டம் போடும் கட்டங்களில் முகம் இம்மியும் மாறாது, அதே அப்பாவிக் கண்கள், எண்ணக் குமிழியில் மட்டும் விஷம். இதையே 2023-ல் அறுபதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியாக டேவிட் டென்னன்டை டாக்டராக வைத்து டிவியில் எடுத்தார்கள்.

2014 முதல் டைட்டன் நிறுவனம் வெளியிட்ட காமிக்ஸ் இதழ்களில் கதை சில நன்றாக இருக்கின்றன, ஆனால் ஓவியம் பல இடங்களில் நடிகரின் விளம்பரப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது போல விறைப்பு. சிரித்தாலும் அதே முகம், ஓடினாலும் அதே முகம். நடிகரின் ஜாடைக்காக மெனக்கெட்டு டாக்டரைக் கோட்டைவிடுகிறார்கள். அப்புறம், பத்திரிகையில் மாதம் எட்டு பத்து பக்கமாக வந்த கதைகளைத் தொகுப்பில் ஒரே மூச்சில் படித்தால், எட்டாவது பக்கம்தோறும் யாராவது மலை உச்சியில் தொங்குவார்கள். மெதுவாகப் படிப்பது உத்தமம்.

இதெல்லாம் டாக்டருக்கு 'உண்மையிலேயே' நடந்ததா என்ற சண்டை ரசிகர்களுக்குள் ஓயாது. எனக்கு அதில் அக்கறை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, 2013-ல் வந்த ஏழு நிமிடக் குறும்பகுதி ஒன்றைத் தாமதமாகப் பார்த்தேன். பால் மெக்கானின் டாக்டர் சாவதற்கு முன்னால் தன் தோழர்களை நினைத்துக்கொள்கிறார்: சார்லி, க்ரிஸ், லூசி, டாம்சின், மாலி. எல்லாரும் ஆடியோவில் மட்டுமே வாழ்ந்தவர்கள். நான் எழுந்து நின்றே விட்டேன். அக்கறை இல்லையாம்!

இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். ஃப்ரோபிஷர், 1984-ல் காமிக்ஸில் பிறந்தவர், நினைத்த உருவம் எடுக்கக்கூடிய துப்பறிவாளர். விருப்பப்பட்டு பென்குவினாக இருக்கிறார். டிவி பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்லை. 2000-ல் 'தி ஹோலி டெரர்' நாடகத்தில் அவருக்கு ராபர்ட் ஜெசெக் குரல் கொடுத்தார். பென்குவின் ஒரு கோட்டையில் போய் இறங்க, அங்கேயிருப்பவர்கள் அதைக் கடவுளாக்கிக் கும்பிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் சிரிப்பு, கடைசி அரை மணி நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். காமிக்ஸில் படித்தபோது என் மனதில் கீச்சுக் குரல்தான் ஓடியது. நாடகத்திலோ பழைய துப்பறியும் படத்து ஆள் மாதிரி அலுத்துப்போன அமெரிக்கத் தொனி. பத்து நிமிடம் ஒட்டவே இல்லை. போன வாரம் அந்த காமிக்ஸ் தொகுப்பைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு குமிழியையும் ஜெசெக்தான் பேசினார்.