பொத்தானா, ஸ்டியரிங்கா?

ராத்திரி போட்ட தூக்க மாத்திரையின் மப்பு காலையிலும் மிச்சமிருக்கிறதா? அளக்க இரண்டு வழிகளை ஒப்பிடலாம்.

ஒன்று, பிவிடி (PVT) என்ற, கவனத்தை அளக்கும் கணினிச் சோதனை. 10 நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். 2 முதல் 10 நொடி இடைவெளியில், எதிர்பாராத நேரத்தில் எண்கள் ஓட ஆரம்பிக்கும். உடனே பொத்தானை அமுக்க வேண்டும். அரை நொடி தாண்டினால் கவனம் தப்பியதாகக் கணக்கு. பழகப் பழகக் கை தேறிவிடாது என்பது இதன் பலம். செலவும் கம்மி.

இன்னொன்று, நெதர்லாந்தில் 1980களில் உருவான சாலைத் தேர்வு. நிஜ நெடுஞ்சாலையில், மற்ற வண்டிகளுக்கு நடுவே, சுமார் 100 கி.மீ. ஓட்ட வேண்டும். வேகம் மணிக்கு 95 கி.மீ. பக்கத்தில் தனி பிரேக்கோடு பயிற்சியாளர் (அவருக்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்!). சாலைக் கோட்டிலிருந்து கார் எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதைக் கேமரா பதிந்துகொண்டே வரும். பார்ப்பது ஒன்றைத்தான்: வண்டி எவ்வளவு அலைகிறது? ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருந்தால் அலைச்சல் சுமார் 2.4 செ.மீ. கூடும். அதுதான் அளவுகோல். ஜோபிக்ளோன் என்ற தூக்க மாத்திரையை 7.5 மி.கி. போட்டுப் படுத்தவர்களுக்கு மறுநாள் காலையிலும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடுகிறது.

மருந்தின் பல அளவுகளை மணிக்கு மணி சோதிக்க பிவிடி போதும். ஆனால் “டாக்டர், காலையில் வண்டி எடுக்கலாமா?” என்று கேட்பவரிடம் மில்லிநொடிக் கணக்கு எடுபடாது. “குடித்துவிட்டு ஓட்டுகிற மாதிரி” என்றால் சட்டென்று உறைக்கும். என் ஓட்டு சாலைக்கே.