தானே துப்புரவாகும் டிரைவர்கள்: ஒரு ரிவ்யூவரின் நீண்ட கால அனுபவம்

லினக்ஸின் மையமான கெர்னலில், சாதனங்களை இயக்கும் கோடுதான் டிரைவர். அதற்கு வரும் பேட்ச்களை (திருத்தங்களை) படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் பாதி. பெரும்பாலும் ஐ2சி, எஸ்பிஐ பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் கம்பிகளில்) உட்காரும் சின்ன சிப்புகள்: சென்சார், ஏடிசி (அனலாக் அளவை எண்ணாக்கும் சிப்), பேட்டரி சார்ஜர். கொஞ்ச காலமாக வருகிற பேட்ச்களில் கணிசமானவை ஒரே ரகம். "கோட்டூக்களை எடுத்துவிட்டு டெவ்எம்முக்கு மாற்றியிருக்கிறேன்" என்பார்கள். இல்லையென்றால் "அன்லாக் வரிகளை நீக்கி கார்டு போட்டிருக்கிறேன்" என்பார்கள். கோட்டூ என்பது, பிழை வந்தால் வாங்கியதை விடுவிக்கும் வரிகள் இருக்கும் லேபிளுக்குக் குதிப்பது; கார்டு என்பது, போட்ட லாக்கைத் தானே அவிழ்க்கும் காவல். டெவ்எம், கார்டு இரண்டுமே இந்தத் துப்புரவைத் தானாக நடக்க வைக்கும் வழிகள். இரண்டோடும் வருடக்கணக்கில் பழகியாகிவிட்டது.

முதலில் இரண்டும் வேறு வேறு. டெவ்எம் என்ற டெவ்ரெஸ் ஏற்பாட்டை தேஜுன் ஹியோ எழுதி, 2007இல் 2.6.21 கெர்னலில் வந்தது. வாங்கிய மெமரி, இன்டரப்ட் (சிப் தரும் அழைப்பு), கிளாக் எல்லாம் டிவைஸின் கணக்கில் ஏறும். புரோப் (டிரைவர் சாதனத்தோடு சேரும்போது ஓடும் ஃபங்ஷன்) தோற்றாலோ டிரைவர் கழன்றாலோ, கடைசியாக வாங்கியது முதலில் போகும். மற்றது பீட்டர் ஜில்ஸ்ட்ரா கொண்டுவந்த கிளீனப் ஹெடர், கார்டு இதில்தான் இருக்கிறது. 2023இல் 6.5 கெர்னலோடு வந்தது. இதற்கு டிவைஸோடு சம்பந்தமில்லை. கம்பைலரின் கிளீனப் ஆட்ரிபியூட்டை வைத்து, வேரியபிளின் ஸ்கோப் (அது உயிரோடு இருக்கும் கோடு பகுதி) முடிந்தவுடன் விடுவித்துவிடும்.

டெவ்எம் வந்ததில் எனக்கு மிச்சமான நேரம் அதிகம். ரெகுலேட்டர், கிளாக், ஜிபிஐஓ, இன்டரப்ட் என்று வரிசையாக வாங்கும் பழைய புரோப்பில், கீழே உள்ள லேபிள்கள் சரியான தலைகீழ் வரிசையில் இருக்கின்றனவா, ஒவ்வொரு கோட்டூவும் சரியான லேபிளுக்குத்தான் போகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். 2022இல் டெவ்எம்_கிளாக்_கெட்_எனேபிள்டு வந்த பிறகு, கிளாக்கை அணைக்க ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்த குட்டி ஃபங்ஷன்களும் ஒழிந்தன. புதிய டிரைவர்களில் "இங்கே லீக் ஆகிறது" என்று நான் எழுதுவது அபூர்வமாகிவிட்டது.

ஆனால் தொல்லை இடம் மாறியிருக்கிறது. முன்பு கேட்ட கேள்வி, விடுவிக்கிறார்களா? இப்போது கேட்பது, எப்போது, எதற்குப் பின்னால்? இதற்கான பதில் டிஃப்பில், அதாவது மாறிய வரிகளை மட்டும் காட்டும் பட்டியலில், இருப்பதே இல்லை.

அடிக்கடி பார்ப்பது இது. ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ என்பதை டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ ஆக்கியிருப்பார்கள், ரிமூவில் (டிரைவர் கழலும்போது ஓடும் ஃபங்ஷனில்) இருந்த ஃப்ரீ_ஐஆர்க்யூ வரியை நீக்கியிருப்பார்கள். மாற்றமே மூன்று நான்கு வரிதான், படிக்கவும் அழகாக இருக்கும். ஆனால் அதே ரிமூவில் ரெகுலேட்டரைக் கையால் அணைக்கிற வரி அப்படியே இருக்கும். ரிமூவ் முடிந்த பிறகுதான் டெவ்ரெஸ் தன் பட்டியலை எடுக்கும். அதாவது மின்சாரம் போன பிறகும் இன்டரப்ட் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால், ஐ2சி சிப் என்றால் ரீட் தோற்று ஒரு எரர் வரியோடு போகும். எஸ்ஓசி (பிராசஸர் அடங்கிய பிரதானச் சிப்) உள்ளேயே இருக்கும் பிளாக் என்றால், கிளாக்கை அணைத்த பிறகு அதன் ரெஜிஸ்டரைத் தொட்டால், சில சிப்புகளில் மொத்த சிஸ்டமும் உறைந்துவிடும். இதனால் நான் டிஃப்பை மட்டும் படிப்பதை விட்டுவிட்டேன். ஃபைலைத் திறந்து ரிமூவை முதலில் படிப்பேன், அப்புறம்தான் புரோப். புரோப்பில் முதல் கையால் விடுவிக்கும் பொருள் எங்கே வருகிறதோ, அதற்குப் பிறகு டெவ்எம் வரக் கூடாது. இந்த ஒரு விதியிலேயே பாதி பேட்ச்கள் சிக்கிக்கொள்கின்றன.

மெமரி வாங்கும் டெவ்எம்_கேஸலாக் தனிக் கதை. யூஸர் ஸ்பேஸில் ஒருவர் டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போதே யூஎஸ்பி சாதனத்தைப் பிடுங்கினால், டிரைவரின் மெமரி அப்போதே போய்விடும். அவர் பிறகு குளோஸ் செய்யும்போது செத்த பாயின்டரைத் தொடுவோம். டிஸ்ப்ளே பக்கத்துக்காரர்கள் இதற்காகவே 2020இல் டிஆர்எம்எம் என்று தனி வரிசை வைத்துக்கொண்டார்கள். ஐஐஓ (சென்சார், ஏடிசிக்கான கெர்னல் பகுதி) போல, இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற ரெஃபரன்ஸ் கணக்கை அதன் பொதுக் கோடே பார்த்துக்கொள்ளும் சப்சிஸ்டம் என்றால் கவலைப்படுவதில்லை. டிரைவர் தானே மிஸ்க் டிவைஸ் (யூஸர் ஸ்பேஸுக்கான ஒரு டிவைஸ் ஃபைல்) திறக்கிறது என்றால் விளக்கம் கேட்பேன். "போர்டில் சால்டர் செய்த சிப்பை யார் சார் பிடுங்கப் போகிறார்கள்?" என்று பதில் வரும். சரிதான், ஆனால் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் சாதனங்களை ஃபைல்களாகக் காட்டும் இடத்தில்) டிரைவரைக் கழற்றும் அன்பைண்ட் என்ற ஃபைல் இருக்கிறதே.

கார்டு எனக்குப் பிடித்திருக்கிறது. சின்ன ஃபங்ஷன், நடுவில் நாலைந்து ரிட்டர்ன் என்றால் அதைவிடச் சுத்தமான வழி இல்லை. எரர் பாதையில் அன்லாக் மறப்பது அடியோடு போய்விட்டது. சிக்கல் என்னவென்றால், லாக் ஸ்கோப் முடியும்வரை விடாது. மூன்று வரிகளைச் சுற்றி இருந்த லாக்கை ஃபங்ஷன் தலையில் கார்டாகத் தூக்கி வைத்தால், கீழே இருக்கும் எம்ஸ்லீப் என்ற காத்திருப்பும் லாக்குக்குள் வந்துவிடும். அதே லாக்கை எடுக்கும் இன்னொரு ஃபங்ஷனை அங்கே அழைத்திருந்தால் டெட்லாக்தான், தன்னையே எதிர்பார்த்து நின்றுவிடும். அங்கே, வேண்டிய வரிகளை மட்டும் சுற்றும் ஸ்கோப்டு_கார்டு கேட்பேன். நெட்வொர்க் சப்சிஸ்டத்தின் வழிகாட்டி, 20 வரிக்கு மேற்பட்ட ஃபங்ஷனில் கார்டு வேண்டாம் என்றே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் டெவ்எம்மையே சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். அவ்வளவு கடுமை எனக்கு ஒப்பில்லை, ஆனால் இந்த 20 வரி விஷயத்தில் அவர்கள் பக்கம்தான்.

அதே ஹெடரில் உள்ள, பொருளைத் தானே விடுவிக்கும் ஃப்ரீ ஆட்ரிபியூட்டில்தான் சி மொழிப் பழக்கம் காலை வாருகிறது. எல்லா வேரியபிளையும் ஃபங்ஷன் தலையில் நல் என்று அறிவித்துவிட்டு, கீழே கார்டு போட்டு, அதற்கும் கீழே மதிப்பு கொடுப்பார்கள். வெளியேறும்போது வரிசை தலைகீழ்: முதலில் லாக் அவிழும், பிறகு பொருள் விடுவிக்கப்படும். லாக்கோடு விடுவிக்க வேண்டிய பொருள் என்றால் அங்கேயே ரேஸ், இடையில் வேறொரு பாதை புகுந்துவிடலாம். அறிவிப்பும் மதிப்பும் ஒரே வரியில், தேவைப்படும் இடத்தில் இருக்கட்டும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. ஒரே ஃபங்ஷனில் கோட்டூவையும் இதையும் கலக்காதே என்றும் சொல்கிறது. இப்படிப்பட்ட வேரியபிளின் அறிவிப்பைத் தாண்டி, அதன் ஸ்கோப்புக்குள் குதிக்கும் கோட்டூவை கிளாங் கம்பைலர் எரர் என்று நிறுத்திவிடும். ஜிசிசி கம்பைலர் பேசாமல் பில்டு செய்து கொடுக்கும். அதனால் ரிவ்யூவுக்கு எடுக்கும் முன் கிளாங்கில் ஒரு பில்டு ஓட்டுவது வழக்கமாகிவிட்டது.

பழைய டிரைவர்களை மாற்றும் பேட்ச்களை நான் பெரும்பாலும் ஏற்பதில்லை. சிப் கையில் யாரிடமும் இல்லை, சோதித்ததும் இல்லை, லாபம் பத்து வரி குறைவது. பிறகு ஒரு நிஜ பக் ஃபிக்ஸை ஸ்டேபிள் கெர்னலுக்கு (ஃபிக்ஸ்கள் மட்டும் பெறும் பழைய பதிப்புக்கு) கொண்டுபோகும்போது எதுவும் பொருந்தாது. டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன சிப் இருக்கிறது என்ற விவரம்) நோடுகளைச் சுற்றும் லூப்புகள் மட்டும் விதிவிலக்கு. நடுவில் ரிட்டர்ன் செய்து ரெஃபரன்ஸை விட மறப்பது அங்கே சகஜம் என்பதால், ஸ்கோப்டு வகைக்கு மாற்றினால் உடனே சரி சொல்லிவிடுவேன்.

மற்றவர்களிடம் கேட்பது, டிரைவரை லூப்பில் பைண்ட், அன்பைண்ட் செய்து பார்த்தார்களா என்பதுதான். தவறான மெமரி தொடுதலைப் பிடிக்கும் காசான், விடாத மெமரியைப் பிடிக்கும் கேமெம்லீக் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். கெர்னல் கான்ஃபிகில் டீபக் டெஸ்ட் டிரைவர் ரிமூவ் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஒவ்வொரு டிரைவரையும் புரோப் செய்து, உடனே ரிமூவ் செய்து, மறுபடி புரோப் செய்யும். புரோப் இரண்டாவது முறை தோற்றால் அந்த கெர்னல் மெசேஜ் பதிவை பேட்ச்சோடு சேர்த்து அனுப்பச் சொல்கிறேன்.