காந்தம் ஒட்டாவிட்டால் டைட்டானியம் என்று நம்பிவிடாதீர்கள்

செகண்ட் ஹேண்டில் டிரைவர் என்கிற கோல்ஃப் கிளப் வாங்கப் போகிறவர்கள், அதிலும் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பணம் அனுப்பப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். போன வருஷம் ஜூனில் 23,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய டைட்டானியம் டிரைவரில் டைட்டானியமே இல்லை. பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். செப்டம்பரில் ஒரு காலை அதன் தலை கழன்று பறந்து, எனக்குப் பை தூக்குகிற தம்பியின் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோவைக்காரன். செட்டிப்பாளையம் கோர்ஸில் வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 19, அதாவது சுமாரான ஆட்டம். டீயிலிருந்து, அதாவது ஒவ்வொரு ஹோலும் தொடங்குகிற இடத்திலிருந்து, முதல் அடி அடிக்கிற பெரிய கிளப்தான் டிரைவர். என்னிடம் இருந்தது 2009-ல் வாங்கியது. கிரிப் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். புது மாடல் கடையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. பெரிய அமெரிக்கக் கம்பெனி டிரைவர், துபாயில் வாங்கியது, இரண்டே ரவுண்டு ஆடியது, கவரும் ரெஞ்சும் சேர்த்து என்று போட்டிருந்தார்கள். போன் செய்தேன். அவ்வளவு மரியாதையான பேச்சு.

"ஒரிஜினல்தானுங்களா?"

"உங்களுக்கு வீடியோவே அனுப்பறேன் சார், நீங்களே பாத்துக்குங்க."

பத்து நிமிஷத்தில் வீடியோ வந்துவிட்டது. ஒரு சின்னக் காந்தத்தை முதலில் ஸ்பேனரில் வைக்கிறார், டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. அதே காந்தத்தை டிரைவரின் ஃபேஸில், அதாவது பந்தில் படுகிற முகப்பில், வைக்கிறார், வழுக்கிக்கொண்டு கீழே விழுகிறது. "ஸ்டீலா இருந்தா ஒட்டும் சார். ஒட்டலைன்னா டைட்டானியம்." அடுத்த அரை மணி நேரத்தில் ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டேன்.

டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் உங்கள் வீட்டு அலுமினிய இட்லிப் பானையில் வைத்துப் பாருங்கள், அதிலும் ஒட்டாது. அந்தச் சோதனை சொல்வது இது காந்தம் ஒட்டுகிற உலோகம் இல்லை என்பதை மட்டும்தான். இது என்ன உலோகம் என்று காந்தம் சொல்லவே சொல்லாது. இந்த ஒரு விஷயம் அன்று எனக்கு உறைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

பார்சல் வந்தது. பளபளவென்று இருந்தது. கிரிப்பில் மட்டும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. புது ரப்பர் என்று விட்டுவிட்டேன். முதல் நாளே ஏழெட்டு பந்து அடித்திருப்பேன், எனக்குப் பை தூக்குகிற தம்பி கிளப்பை வாங்கித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சார், சத்தம் சரியில்லீங்க. தகரத்துல அடிச்ச மாதிரி இருக்குது. பழசையே எடுத்துக்கலாங்களா?" பதினாலு வயதிலிருந்து அந்தக் கோர்ஸில் நடப்பவன். எத்தனை ஆயிரம் டிரைவர் சத்தம் அவன் காதில் விழுந்திருக்கும். நல்ல டைட்டானியம் டிரைவர் நடுவில் பட்டால் கணீரென்று ஒரு சத்தம் வரும். இதில் டப் என்று அமுங்கிய சத்தம். "புதுசு தம்பி, பழகணும்" என்று சொல்லி அவனை அடக்கிவிட்டேன். அதற்கு அப்புறம் இரண்டு மாதம் அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருப்பது இதுதான்.

பழைய டிரைவரில் 210 கஜம் போகிற பந்து இதில் 180 தாண்டவில்லை. அதோடு வலது பக்கமாக வளைந்து ஓடியது. வாங்கியது ஆனி, அடுத்து ஆடி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செட்டிப்பாளையத்தில் எப்படி அடிக்கும் என்று இங்கே ஆடுகிறவர்களுக்குத் தெரியும், கொடிக்கம்பம் வில்லாக வளைந்து நிற்கும். சரி, காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். ஆவணி பிறந்து காற்று குறைந்தும் பந்து அப்படியே வளைந்தது. அப்படியானால் என் கைதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

நம்மைப் போன்றவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். தொழில்முறை ஆட்டக்காரர் பந்து இரண்டு முறை வளைந்தால் கிளப்பைத் திருப்பிப் பார்ப்பார். நாம் நம்மைச் சந்தேகப்படுவோம். பிடியை மாற்றினேன், இடது கையை உள்பக்கம் திருப்பிப் பிடித்தேன், பந்தை இன்னும் முன்னால் வைத்தேன். ஒரு கோச்சிடம் ஆறு வகுப்பு போனேன், வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் 9,000. பாவம், அவரும் என் தோளையும் இடுப்பையும்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் ஃபேஸைத் துணியால் துடைக்கும்போது நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. விரலை வைத்தால் ஐந்து ரூபாய் நாணயம் உட்காருகிற அளவுக்கு உள்வாங்கியிருந்தது. அன்றே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். இன்னும் ஒரு ரவுண்டு பார்க்கலாம் என்று எடுத்துப் போனேன். நாலாவது ஹோல் டீயில் வீசினேன், கை திடீரென்று லேசாகிவிட்டது. கையில் வெறும் ஷாஃப்ட், அதாவது தண்டு மட்டும். தலை விர்ரென்று போய் இடது முன்புறம் நின்றிருந்த தம்பியின் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. தலை ஷாஃப்ட்டோடு சேருகிற கழுத்து அப்படியே முறிந்திருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இருநூறு கிராம் உலோகம், அந்த வேகத்தில். ஒரு முழம் இந்தப் பக்கம் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்று மத்தியானமே கணபதியில் ஒரு தெரிந்த அண்ணன் பட்டறைக்குத் தலையைக் கொண்டுபோனேன். பம்புசெட் பாகங்கள் கடைகிற பட்டறை. கையில் வாங்கியதுமே அவருக்குச் சந்தேகம். "டைட்டானியம்னு யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, கிரைண்டரை ஓட்டி ஓரத்தை லேசாகத் தொட வைத்தார். டைட்டானியம் என்றால் கண் கூசுகிற மாதிரி வெள்ளைப் பொறி பறக்க வேண்டும். இதில் ஒரு பொறிகூட வரவில்லை. சக்கரத்தில்தான் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டது. "அலுமினியங்க. வீலைக் கெடுத்துருச்சு பாருங்க." அப்புறம் வைஸில் பிடித்து ஹேக்ஸா பிளேடால் அறுத்தார். சுரைக்காய் மாதிரி அறுந்தது. டைட்டானியத்தை அப்படி அறுக்க முடியாது, பிளேடுதான் மழுங்கும் என்றார்.

எனக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. அவரே ஒரு வழி சொன்னார். அறுத்த துண்டுகளை எடை போட்டோம், 38 கிராம். அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றித் துண்டுகளை உள்ளே போட்டோம். தண்ணீர் 14 மில்லி ஏறியது. 38-ஐ 14-ஆல் வகுத்தால் 2.7. அலுமினியத்தின் அடர்த்தி அதுதான். டிரைவரில் போடுகிற டைட்டானியக் கலவைக்கு நாலரை பக்கம் வரும், தண்ணீர் ஒன்பது மில்லிகூட ஏறியிருக்காது. தலையின் உள்ளே பார்த்தால் ஒரு மூலையில் பழுப்பு நிறப் பசைக்கட்டி, அதற்குள் இரண்டு இரும்பு நட்டு. எடையைச் சரிக்கட்ட வைத்திருக்கிறார்கள். தராசில் வைத்துப் பார்த்தாலும் நான் ஏமாந்திருப்பேன்.

டைட்டானியத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று ஆடாதவர்கள் கேட்பார்கள். டிரைவர் தலை ஏறக்குறைய இருநூறு கிராம்தான் இருக்க முடியும், அதற்கு மேல் போனால் வீசுவது கஷ்டம். ஸ்டீல் கனமானது, அந்த எடைக்குள் பெரிய தலை செய்ய முடியாது. 1991-ல் பெரிசு என்று பேர் வாங்கிய காலவே கம்பெனியின் ஸ்டீல் டிரைவர் தலையே 190 சிசிதான். அவர்களே 1995-ல் டைட்டானியத்துக்கு மாறியபோது 250 சிசி வந்தது. அப்புறம் எல்லாக் கம்பெனியும் ஊதிக்கொண்டே போய், இன்றைக்கு விதிப்படி 460 சிசி வரை இருக்கலாம். தலை பெரிதானால் கொஞ்சம் தள்ளிப் பட்ட அடியும் தப்பிக்கும். ஃபேஸை மூன்று மில்லிமீட்டர் பக்கமாக மெலிதாக்கினாலும் டைட்டானியம் உள்வாங்கித் திரும்பித் தள்ளும், பந்து அந்த உதையில் போகும். வார்ப்பு அலுமினியத்துக்கு அந்த வலு கிடையாது. உள்வாங்கினால் உள்வாங்கினதுதான். என் ஃபேஸில் பள்ளம் விழுந்ததும், பந்து முப்பது கஜம் குறைந்ததும் இதனால்தான். ஷாஃப்ட்டில் எஸ் என்று போட்டிருந்தது, அதாவது விறைப்பானது. கோச் கையில் முறுக்கிப் பார்த்துவிட்டு இது பெண்கள் கிளப்பில் வருகிறதைவிடத் துவளுகிறது என்றார்.

கழுத்தில் பொறித்திருந்த சீரியல் எண்ணை அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பினேன். நாலு நாளில் பதில் வந்தது, அந்த எண் அவர்களுடைய டிரைவர் எதற்கும் கொடுத்தது இல்லை என்று. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த நாலு நாள் நான் காத்திருந்தால் போதும். சீரியல் எண் பொருந்தினாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம், ஒரே நல்ல எண்ணை நூறு போலித் தலையில் பொறித்துவிடுகிறார்கள்.

எங்கள் குழுவில் சொன்னபோது இன்னும் இரண்டு பேர் வாய் திறந்தார்கள். ஒருவர் அதே ஆளிடம் வாங்கியிருக்கிறார், அவருடையதில் ஏழாவது ரவுண்டில் பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்திருக்கிறது. சேலத்து நண்பர் ஒருவருடையதை ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். ஒன்று சொல்லிவிடுகிறேன், சத்தம் வந்தால் போலி என்றும் உடனே முடிவு கட்டக் கூடாது. அசல் டிரைவரிலும் உள்ளே இருக்கிற பசைத்துளி விட்டுப்போய்ச் சத்தம் வருவது உண்டு. அசல் டைட்டானியம் ஃபேஸும் பல வருஷம் அடித்தால் விரிசல் விடும்.

நான் இப்போது யார் கேட்டாலும் சொல்வது, முதலில் கோல்ஃப் விதிகளை வகுக்கிற ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டு அமைப்பும் வெளியிடுகிற அனுமதிக்கப்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். இலவசம். ஒவ்வொரு மாடலுக்கும் அடிப்பக்கப் படம் இருக்கும், எழுத்து எந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்றும் இருக்கும். விற்பவரிடம் அடிப்பக்கத்தை வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். என்னுடையதில் ஃபேஸின் சாய்வைச் சொல்கிற 10.5 என்ற எண்ணின் தலைப்பக்கம் இருக்கிற டிகிரி வட்டம் முட்டை வடிவில் நீண்டிருந்தது, அப்புறம்தான் பார்த்தேன். முடிந்தால் நேரில் போய், கோர்ஸில் யாரிடமாவது அதே மாடல் அசல் இருந்தால் இரண்டையும் பத்துப் பத்து பந்து அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நேரில் வர மறுக்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விதிக்குப் பொருந்தாத கிளப்பால் ஒரே ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம்தான், தெரியாமல் வாங்கினேன் என்பது எடுபடாது.

விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார், குழுவிலிருந்தும் போய்விட்டார். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன், பணம் அனுப்பிய ரசீது, வீடியோ, கம்பெனி மெயில் எல்லாம் கொடுத்திருக்கிறேன். நான் செய்த தவறு, மூன்று மாதம் கழித்துச் செய்தது. பணம் போன உடனே அந்த எண்ணுக்கு அழைத்தால்தான் அது கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். 2019 சட்டப்படி விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அவருடைய முகவரியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பழைய 2009 டிரைவரைத் திரும்ப எடுத்தேன். முதல் நாள் அடித்த பந்தெல்லாம் இடது பக்கம் மரங்களுக்குள் போயிற்று. போலி கிளப்புக்காக மாற்றிய பிடி கையில் ஊறிப்போயிருந்தது. அதை அவிழ்த்துப் பழைய பிடிக்கு வர மார்கழி ஆகிவிட்டது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டான். இப்போது எந்தக் கிளப் வாங்குவதாக இருந்தாலும் அவனை அடித்துப் பார்க்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

அறுத்த தலையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நட்டும் பசையும் அப்படியே தெரியும். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு முதல் டீ பக்கத்தில் இருப்பேன். செகண்ட் ஹேண்ட் டிரைவர் வாங்க யோசிப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் கிளப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், அசலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.