இன்ஜின் ஸ்டெதஸ்கோப்: ஆயில் அடிட்டிவ் வாங்கும் முன் வாங்க வேண்டியது

வயதான காரில் டக் டக் சத்தம் தொடங்கியதும் பலரும் ஆயிலில் கலக்கும் ஒரு டப்பா அடிட்டிவ் ஊற்றுவார்கள், அல்லது 5டபிள்யூ-30 ஆயிலில் ஓட வேண்டிய இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவார்கள். சத்தம் கொஞ்சம் அமுங்கும், தேய்மானம் அமுங்காது. போதாக்குறைக்கு, குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டி ஆயில் மேலே, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஏறத் தாமதமாகும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை ஊற்றியும் பயனில்லை. அந்த ஒரு வேலைக்குத்தான் இந்தக் கருவி.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பேதான், நெஞ்சில் வைக்கும் வட்டுக்குப் பதில் ஒரு சின்ன உலோக டப்பா, அதிலிருந்து நீளும் எஃகுக் கம்பி. கம்பி நுனியை இன்ஜினில் ஊன்றினால் உள்ளே நடப்பது காதுக்குள் கேட்கும். முதல் தடவை கேட்பவர் பயந்துவிடுவார், ஏனென்றால் நல்ல இன்ஜினும் இதில் இரைச்சலாகத்தான் இருக்கும். பெட்ரோல் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் டிக் டிக் என்று தெளிவாக அடிக்கும், அது பழுதல்ல. நான்கில் ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

உலோகம் முழுக்கச் சத்தம் பரவும் என்பதால் ஒரே இடத்தில் கேட்டு முடிவு கட்டக் கூடாது. கேம்ஷாஃப்டின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் பாகம்தான் டேப்பட். இன்ஜின் உச்சியில் அதை மூடியிருக்கும் டேப்பட் கவரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேர் மேலே, ஒரே அழுத்தத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டின் வேகத்தில் பாதிதான் சுற்றும். அதனால் டேப்பட் சத்தம் நிதானமான தாளத்தில் வரும். ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டராக இருந்து, ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் அடங்கிவிட்டால் கவலை குறைவு. அடங்காவிட்டால் ஆயில் அளவையும் ஃபில்டரையும் முதலில் பாருங்கள். திருகி அட்ஜஸ்ட் செய்யும் டேப்பட் என்றால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து, மேனுவலில் உள்ள இடைவெளியை, அதில் சொன்ன சூட்டில் அளக்க வேண்டும்.

அடியில், ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பேன் பக்கம் கனமான மோதல் கேட்டு, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கூடினால், பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் மேல் சந்தேகம். ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அதுவே குற்றவாளி. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டரைக் கழற்றாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். சந்தேகம் உறுதியானால் வண்டியை ஓட்டக் கூடாது.

கம்பி ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) இன்ஜினோடு சேரும் மூட்டிலுள்ள கேஸ்கெட்டின் கசிவு. குளிரில் அச்சு அசல் டேப்பட் போலவே டிக் டிக் என்னும். சூடாகி உலோகம் விரிந்ததும் குறையலாம். கம்பியைக் கழற்றி வெறும் குழாயை மூட்டின் அருகே கொண்டுபோனால் புஸ் புஸ் என்று காற்று காதில் அடிக்கும். கம்பி கழன்று வராத மாடலை வாங்காதீர்கள்.

ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர் உருளை ஆகியவற்றின் பேரிங்குகளில்தான் இந்தக் கருவி தன் விலையைத் திருப்பித் தருகிறது. நல்ல பேரிங் சீராக உஸ்ஸென்று ஓடும்; போனது மணல் அரைப்பது போல கரகரக்கும். கம்பியைச் சுழலாத உடல் பாகத்தில், போல்ட்டுக்கு அருகே மட்டும் வையுங்கள். குழாய் தொங்கி பெல்ட்டிலோ ஃபேனிலோ சிக்கினால் கம்பி கையை விட்டுப் பறக்கும். இந்த வகைக் கருவியின் பெரிய குறையே அந்த நீளக் குழாய்தான்.

காதில் வைக்கும் முனைகள் கடினமானவை. பத்து நிமிடத்தில் வலிக்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்தும் ஓரளவு கேட்கலாம், ஆனால் ஓடும் இன்ஜினுக்கு மிக அருகே தலையைக் குனிய வேண்டிவரும். கிளிப் மாட்டும் எலக்ட்ரானிக் வகை, வண்டி ஓடும்போது மட்டும் வரும் வீல் பேரிங் இரைச்சலுக்கு உதவும்; நின்ற இடத்தில் கேட்கும் இன்ஜின் சத்தத்துக்குச் சாதாரணக் கம்பியே போதும்.