மூன்று மழைக்காலம் பார்த்த ஏர்பிரஷ்

"விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கோயம்புத்தூரிலிருந்து நண்பன் கேட்டிருந்தான். என்னிடம் இருக்கும் அதே டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ்தான் (காற்றால் பெயின்டைத் தெளிக்கும் பேனா மாதிரி கருவி; ஒரே விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), பெயின்ட் வரும் முனையான நாசில் 0.3 மி.மீ., கூடவே தொட்டி இல்லாத சின்னக் கம்ப்ரஸர். அவன் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் அதை ரிப்பேரிலிருந்து வாங்கி வந்திருந்தேன். மும்பை மாட்டுங்காவில் மூன்று நாளாக விடாத மழை வேறு.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையில் குறையே கிடையாது. நான் செய்வது மாடல் ரயில். எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கில், டீசல் எஞ்சின் கைப்பிடிக்கு நான் வைப்பது 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி. நிஜத்தில் அது 35 மி.மீ. குழாய்க்குச் சமம். பிரஷ்ஷால் அடித்துச் சுற்றிலும் 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினால் 52 மி.மீ. ஆகிவிடும், டிரைவர் அதைப் பிடித்து ஏற முடியாது, கட்டிப்பிடித்துத்தான் ஏற வேண்டும். இந்த ஏர்பிரஷ்ஷில் அடித்தால் கம்பி கம்பியாகவே இருக்கிறது. ஒயிட் மெட்டலில் (மெத்தென்ற வெள்ளீயக் கலவையில்) வார்த்த ஹாரனின் வாய்க்குழிகூட அடைபடுவதில்லை. பிசிறை அரத்தால் ராவி, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பித்தளைக்கு மட்டும் எட்ச் பிரைமர், அதாவது உலோகத்தை அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு. அதில் கஞ்சத்தனம் பண்ணினால் நகம் பட்டாலே உரிந்துவிடும்.

இனி என் வயிற்றெரிச்சல். பல்குத்தும் குச்சிகளில் ஆறு ஹாரன்களை ஒட்டி வரிசையாக நட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அரிசி நீளம். சாம்பல் பிரைமர் நாலில் பட்டுப்போல் படிந்தது. ஐந்தாவதில் 'ப்ச்'சென்று ஒரு துப்பல். பார்த்தால் பெயின்டுக்கு நடுவே அம்மைத் தழும்பு மாதிரி வட்டக் குழி. தண்ணீர்! ஜூன் முதல் செப்டம்பர் வரை இதே கதை. தின்னரில் கழுவு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பி.

காரணம் புரியாமல் இல்லை. மும்பை மழைக்காலக் காற்றில் ஈரம் சொட்டும். அதைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது காற்று சூடாகிறது. ஈரம் ஆவியாகவே அதில் தங்குகிறது. கம்ப்ரஸர் மேலேயே திருகியிருக்கும் ஈர வடிகட்டியைச் சூட்டோடு தாண்டிவிட்டு, ஏர்பிரஷ்ஷுக்குப் போகும் ஹோஸ் குழாயில் போகப்போக ஆறித் தண்ணீராகிறது. பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காத வடிகட்டி எதற்கு? விற்றவர்களைக் கேட்டதற்கு, "வானிலைக்கு வாரன்டி இல்லை" என்றார்கள்.

அந்தக் கோபத்தில் நாசிலைக் கழற்றித் துடைத்து, ஸ்பேனரால் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினேன். மரை உள்ளேயே முறிந்தது. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரலால் இறுக்கினால் போதும் என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்? கடைசியில் ஸ்டேஷன் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் கண்ணில் லூப்பை, அதாவது பூதக்கண்ணாடியை, மாட்டிக்கொண்டு, "என்ன சார் இது, பல் டாக்டர் சாமானா?" என்றபடியே பத்து நிமிஷத்தில் முறிந்த துண்டை எடுத்துவிட்டார். புது நாசில் நான் வாங்கிப் போட்டேன்.

இப்போது ஏர்பிரஷ் கைப்பிடிக்கு அடியிலேயே இன்னொரு சின்ன வடிகட்டி மாட்டி, ஹோஸையும் நீளமாக்கியிருக்கிறேன். துப்பல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அசல் பெட்டிகளுக்கே பெயின்ட் ஏறுகிறது. எனக்கு ஒரு ஹாரனுக்கு வழியில்லை.

"வாங்காதே" என்று நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். கோவைக் காற்றில் அவனுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது என்று அப்புறம்தான் தோன்றியது. இன்னும் திருத்திச் சொல்லவில்லை. மழை விடட்டும், பார்க்கலாம்.